இறகு முளைக்காத பூச்சியும் நம் பூச்சி நூல்களும்

பூச்சியியல் நூல் ஏதேனும் உங்கள் கையில் இருந்தால், நாவாய்ப்பூச்சிகளைப் பற்றிய பக்கத்தைத் திருப்புங்கள். படத்தில் என்ன காண்கிறீர்கள்? முழு வளர்ச்சி பெற்று, இறகுகளை முதுகின்மேல் ஒழுங்காக மடித்துக்கொண்டு, ஆறு கால்களையும் இருபுறமும் பரப்பி வைத்திருக்கும் ஒரு பூச்சி. இனி நூலை மூடிவிட்டுத் தோட்டத்துக்குச் செல்லுங்கள். வெண்டைப் பாத்தியில், பறிக்காமல் விட்டதால் முற்றி வெடித்த காய் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே கடுகளவும் மிளகளவுமாகச் சிவந்த உயிர்கள் கூட்டமாக ஓடும். அவற்றுக்கு இறகு இல்லை. படத்தில் கண்ட உருவமும் இல்லை. "இது என்ன பூச்சி?" என்று உடன் வந்த சிறுவன் கேட்கிறான். நீங்கள் நூலை மறுபடியும் திறக்கிறீர்கள்.

நூல் பதில் சொல்லாமல் இருந்துவிட்டால்கூடக் குற்றமில்லை. அது பதில் சொல்கிறது. தவறான பதிலை, சிறிதும் தயங்காமல் சொல்கிறது. இந்தக் குறையைத்தான் இக்கட்டுரையில் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பௌதிகம் கற்பிப்பவனுக்குப் பூச்சி நூல்களிடம் என்ன வழக்கு என்று சிலர் வினவலாம். எந்த அளவைக் கருவியானாலும் அது எந்த எல்லைக்குள் செல்லுபடியாகும் என்பதை அதன் முகப்பிலேயே எழுதியிருக்க வேண்டும் என்பது பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதற்பாடம். 5 ஆம்பியர் வரை காட்டும் கருவியில் 50 ஆம்பியரைச் செலுத்திவிட்டு, முள் காட்டிய எண்ணைக் குறிப்பேட்டில் எழுதும் மாணவனை நாம் கண்டிக்கிறோம். எல்லையைக் குறிக்காமல் கருவியை விற்றவனை அதைவிடக் கூடுதலாகக் கண்டிக்க வேண்டும். பூச்சியை இனங்காணும் நூலும் ஓர் அளவைக் கருவியே.

குஞ்சின் இயல்பு

பள்ளிப் பாடத்தில் பூச்சியின் வாழ்க்கை என்றால் வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைதான். முட்டை, புழு, கூட்டுப்புழு, பின்பு பறக்கும் பூச்சி. அழகான கதை, படம் வரைவதற்கும் எளிது. ஆனால் இதையே எல்லாப் பூச்சிகளுக்கும் பொதுவான கதையாக மனத்தில் பதித்துக்கொண்ட மாணவன், நாவாய்ப்பூச்சியின் குஞ்சைக் கண்டதும் அதை ஒரு தனி இனம் என்றே எண்ணிவிடுகிறான்.

நாவாய்ப்பூச்சிக்குக் கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. முட்டையிலிருந்து வெளிவரும்போதே ஆறு கால்களும் உணர்கொம்புகளும் ஊசி போன்ற உறிஞ்சு மூக்கும் கொண்ட சிற்றுருவாக வருகிறது. உழவர்கள் அதைக் குஞ்சு என்கிறார்கள். நமக்கும் அந்தச் சொல் போதும். பெரும்பாலான நாவாய்ப்பூச்சிகள் ஐந்து குஞ்சுப் பருவங்களைக் கடக்கின்றன. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் சட்டையை உரித்துப் பெரிதாகின்றன. முதல் இரண்டு பருவங்களில் இறகின் அடையாளமே தெரியாது. மூன்றாவதில் மார்பின் பின்னோரம் சற்றே நீளும். நான்கு, ஐந்தாம் பருவங்களில் இரண்டு சிறு மடல்கள் தெளிவாகத் தெரியும். இவற்றை இறகு அரும்புகள் எனலாம். ஐந்தாம் முறை சட்டை உரித்த பின்னரே முழு இறகு வருகிறது. இனப்பெருக்கத் திறனும் அப்போதுதான் வருகிறது.

பருவத்துக்குப் பருவம் நிறமும் மாறக்கூடும். ஆகவே ஒரே இனம் ஐந்தாறு வேடங்களில் நம்முன் வருகிறது. நூலிலோ கடைசி வேடம் ஒன்றுக்குத்தான் படம்.

இங்கே மாணவர்களுக்குச் சுவையான ஒரு கணக்கு உண்டு. சட்டை உரிக்கும்போதெல்லாம் தலையின் அகலம் ஏறத்தாழ ஒரே மடங்கில் பெருகுகிறது என்று 1890இல் அமெரிக்கரான டயர் கம்பளிப்புழுக்களில் கண்டார். ஒவ்வொரு பருவத்திலும் எடை இரு மடங்காகிறது என்று கொண்டால், நீளம் இரண்டின் கனமூலமாகிய 1.26 மடங்கு பெருக வேண்டும் என்று பின்னர் ஆஸ்திரியாவின் பிர்சிபிராம் கணக்கிட்டார். இயற்கை இந்தக் கணக்குக்கு அப்படியே கட்டுப்படுவதில்லை. பல பூச்சிகளில் மடங்கு இதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. ஆயினும் வெண்டைக்காயிலிருந்து ஐம்பது குஞ்சுகளை மில்லிமீட்டர் தாளின்மேல் விட்டுப் படமெடுத்து, தலை அகலங்களை அளந்து வரைபடம் போட்டுப் பாருங்கள். புள்ளிகள் சீராகப் பரவாமல் குவியல் குவியலாக நிற்கும். ஒரு குவியலுக்கு ஒரு பருவம். புத்தகம் இல்லாமலேயே குஞ்சின் வயதை அறிந்துகொண்டீர்கள்!

திறவுகோலின் பொய்

இனங்காண்பதற்குப் பூச்சியியலார் பயன்படுத்தும் அட்டவணையைத் திறவுகோல் என்பார்கள். இரண்டிரண்டு வினாக்களாகப் பிரித்துக்கொண்டே சென்று கடைசியில் ஒரு பெயரில் கொண்டு நிறுத்தும். அதன் ஒரு படியை மட்டும் ஆராய்வோம்.

பருத்திக் கொட்டையையும் வெண்டை விதையையும் உறிஞ்சும் இரண்டு பூச்சிகள் நம் பக்கத்தில் சாதாரணம். ஒன்று சிவப்புப் பருத்தி நாவாய்ப்பூச்சி. டிஸ்டெர்கஸ் சிங்குலேட்டஸ் என்பது அதன் அறிவியற்பெயர். பிர்ரோகோரிடே குடும்பத்தைச் சேர்ந்தது. மற்றொன்று சாம்பல் பருத்தி நாவாய்ப்பூச்சி; ஆக்சிகரேனஸ் ஹயாலினிபென்னிஸ்; வளர்ந்தாலும் 4, 5 மில்லிமீட்டரைத் தாண்டாது. இது விதை நாவாய்ப்பூச்சிகளின் கூட்டம். பழைய நூல்களில் இக்கூட்டம் முழுவதும் லைகீடே என்ற ஒரே குடும்பம். இவ்விரு குடும்பங்களையும் பிரிக்க நூல்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது: தலையின் மேல், கூட்டுக்கண்களுக்கு நடுவே, இரண்டு சிறிய தனிக்கண்கள் உண்டா? உண்டு என்றால் லைகீடே. இல்லை என்றால் பிர்ரோகோரிடே.

கேள்வி சரியானதே, பூச்சி வளர்ந்ததாக இருந்தால். நாவாய்ப்பூச்சிக் குஞ்சுகளுக்கோ, எந்தக் குடும்பமானாலும், தனிக்கண் இருப்பதில்லை. அது வளர்ந்த பூச்சிக்கே வாய்க்கும் உறுப்பு. ஆகவே விதை நாவாய்க் குஞ்சை இந்தத் திறவுகோலில் இட்டால், அது ஒவ்வொரு முறையும் சிவப்புப் பருத்தி நாவாய்ப்பூச்சியின் குடும்பத்தில்தான் போய் விழும். குஞ்சும் சிவப்பாக இருப்பதால் மாணவனுக்கு ஐயமே எழாது. "சரியாகத்தான் இருக்கிறது" என்று எழுதிக்கொள்வான்.

இன்னொரு கேள்வி, பாதத்தில் எத்தனை கணுக்கள் என்பது. வளர்ந்த விதை நாவாய்க்கு மூன்று. அதன் குஞ்சுக்கு இரண்டே. இரண்டு கணு என்றதும் சில திறவுகோல்கள் நம்மை முற்றிலும் தொடர்பில்லாத சல்லடை இறகு நாவாய்களின் பக்கம் அனுப்பிவிடுகின்றன. அந்தக் கணுக்களை எண்ணுவதும் எளிதன்று. 25 சென்டிமீட்டர் தொலைவில் நல்ல கண்ணால் பிரித்தறியக்கூடிய இடைவெளி 0.07 மில்லிமீட்டர் அளவே. சிறு குஞ்சின் பாதம் ஒரு முடித் துணுக்காகத் தெரியும். அதில் மூட்டு எங்கே என்று தெரியாது. 2.5 சென்டிமீட்டர் குவியத்தூரமுள்ள வில்லை பத்து மடங்கு உருப்பெருக்கும், அது வேலைக்காகும். வில்லையைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு பூச்சியை அதனருகே கொண்டுவர வேண்டும். நம் மாணவர்களில் பலர் துப்பறிவாளர் படத்தில் வருவதுபோல் வில்லையைப் பூச்சிக்கு அருகில் பிடித்துக்கொண்டு தாங்கள் தள்ளி நிற்கிறார்கள்.

திறவுகோலை இயற்றியவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். "வளர்ந்த பூச்சிகளுக்கு மட்டும்" என்ற மூன்று சொற்களை மேலே அச்சிடாமல் விட்டதுதான் குறை.

இரண்டு பெரியவர்கள்

இந்திய நாவாய்ப்பூச்சிகளைப் பற்றிப் பேசுகிற எவரும் டிஸ்டன்ட் என்பவரின் நூலைத் தாண்டிச் செல்ல முடியாது. பிரிட்டிஷ் இந்திய உயிரினத் தொகுதி வரிசையில் 1902 முதல் 1918 வரை ஏழு தொகுதிகளாக வந்தது அவர் எழுதிய 'ரிங்கோட்டா'. விதை நாவாய்கள் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. இலங்கையும் பர்மாவும் உள்ளிட்ட பெரும் பரப்பின் பூச்சிகளை ஒருவர் தொகுத்து முடித்தது வியப்புக்குரிய உழைப்பு. ஆனால் அவர் இலண்டனில், அருங்காட்சியகப் பெட்டிகளின் நடுவே அமர்ந்து எழுதினார். பெட்டிக்கு வந்து சேர்ந்தவை ஊசியில் குத்தி உலர்த்திய வளர்ந்த பூச்சிகள். குஞ்சின் உடல் மென்மையானது, உலர்ந்தால் சுருங்கிப்போகும், சேகரிப்பவன் அதை எறிந்துவிடுவான். இதனால் அந்த நூலைப் படிக்கும்போது இந்தியாவில் பூச்சிகள் வளர்ந்த நிலையிலேயே பிறக்கின்றனவோ என்ற எண்ணம் எழுகிறது. எந்தச் செடியில் இருந்தது, எதைத் தின்றது என்பனவற்றுக்கும் அதில் இடம் மிகக் குறைவு. தோட்டத்துக்குச் செல்பவனுக்கு அது உதவாது. பெயர் தெரிந்த பிறகு சரிபார்ப்பதற்கே உதவும்.

சென்னை மாகாணத்தின் பூச்சியியலாளராகக் கோயம்புத்தூரில் பணிபுரிந்த டி. வி. இராமகிருஷ்ண அய்யர் 1940இல் வெளியிட்ட தென்னிந்தியப் பொருளாதாரப் பூச்சியியல் கையேடு வேறு வகையான நூல். அதை எழுதியவரிடம் வந்தவர்கள் உழவர்கள். உழவன் கொண்டுவரும் இலையில் முட்டையும் இருக்கும், குஞ்சும் இருக்கும், வளர்ந்ததும் இருக்கும். ஆகவே அந்த நூல் பயிரிலிருந்து தொடங்கிப் பூச்சிக்கு வருகிறது. வாழ்க்கை வரலாற்றைச் சொல்கிறது. அறிவியல் நுட்பத்தில் டிஸ்டன்ட் உயர்ந்தவராக இருக்கலாம். இரண்டில் ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போ என்றால், நான் அய்யரின் கையேட்டையே எடுப்பேன். பெயர்கள் பழையனவாகிவிட்டன என்ற குறை அதற்கு உண்டு. அது காலத்தின் குறை.

பெயர் மாற்றத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 'விதை நாவாய்' என்ற பொதுப்பெயரே புதியது. இக்கூட்டத்தில் பெரும்பாலானவை முற்றிய விதைகளையே உண்கின்றன என்று காட்டி, 1960இல் அமெரிக்கரான மெரில் சுவீட் அப்பெயரை முன்மொழிந்தார். 1997இல் தாமஸ் ஹென்றி பழைய லைகீடே குடும்பத்தைப் பல குடும்பங்களாகப் பிரித்தார். அதன்படி நம் வெண்டைக்காய்ப் பூச்சி இப்போது ஆக்சிகரேனிடே. நாயர், அனந்தகிருஷ்ணன், டேவிட் மூவரும் எழுதி 1976இல் வெளிவந்த பாடநூலைப் படித்த ஆசிரியர் லைகீடே என்று சொன்னால், அவர் பிழை செய்யவில்லை. அவருடைய நூலின் ஆண்டைப் பார்க்க வேண்டும், அவ்வளவே.

மல்லாட்டைக் களத்திலே

பண்ருட்டி வட்டாரத்தில் நிலக்கடலையை மல்லாட்டை என்போம். மணிலாக்கொட்டை என்பது நாவில் தேய்ந்து அப்படி ஆயிற்று. மல்லாட்டை பறித்துக் களத்தில் காயப்போட்டிருக்கும்போது, குவியலைக் கிளறினால் கரும்பழுப்பு நிறத்தில், சுமார் 10 மில்லிமீட்டர் நீளத்தில், ஒல்லியான பூச்சிகள் விரைந்து ஓடி ஒளியும். கூடவே சிவந்த வயிற்றோடு மிகச் சிறிய உயிர்களும் ஓடும். இரண்டும் வேறு வேறு பூச்சிகள் என்றே பார்ப்பவர் எண்ணுவர். சிவந்தது குஞ்சு, கறுத்தது தாய். பழைய நூல்களில் அஃபானஸ் சார்டிடஸ் என்றும் பின்னர் எலாஸ்மோலோமஸ் சார்டிடஸ் என்றும் பெயர் பெற்ற விதை நாவாய்ப்பூச்சி அது. முதற்பருவக் குஞ்சின் வயிறு பளிச்சென்ற சிவப்பு. பருவம் ஏற ஏற நிறம் கறுத்துவிடும்.

குஞ்சும் தாயும் இரண்டும் கடலையின் ஓட்டைத் துளைத்துப் பருப்பை உறிஞ்சுகின்றன. வெளியே பார்த்தால் காய் முழுதாக இருக்கும். உடைத்தால் பருப்பு சுருங்கியிருக்கும். அதன் எண்ணெயில் தனிக் கொழுப்பமிலம் மிகுந்து காறல் சுவை வரும். அறுவடை முடிந்தது, இனிப் பூச்சிக்கு வேலையில்லை என்று உழவர் நினைக்கும் நேரத்தில் இது நடக்கிறது, கிடங்குக்குள்ளும் தொடர்கிறது. விதைக்கு வைத்த காயாக இருந்தால் நட்டம் அடுத்த பட்டத்தில்தான் தெரியும். வளர்ந்த பூச்சியின் படம் மட்டும் உள்ள நூலைக் கையில் வைத்திருப்பவர், முதலில் கண்ணில் படும் சிவந்த குஞ்சுகளை எறும்பென்றோ சிலந்திப்பேன் என்றோ தள்ளிவிடுவார். காயை உலர்த்திச் சீக்கிரம் களத்தைவிட்டு அகற்ற வேண்டிய நாட்கள் அப்படிக் கழிந்துபோகும்.

நான்கு சிவப்புகள்

நெய்வேலி நகரியத்துக் குடியிருப்புகளில் வீட்டைச் சுற்றித் தோட்டம் போடுவதற்கு இடம் உண்டு. அப்படிப்பட்ட ஒரு தோட்டத்தில் எத்தனை சிவப்புக் குஞ்சுகளைக் காண முடியும் என்று எண்ணிப்பாருங்கள். வெண்டை, செம்பருத்தி, பூவரசு, துத்தி இவற்றின் விதையருகே சிவப்புப் பருத்தி நாவாயின் குஞ்சு. சிவந்த முதுகில் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். அதே வெண்டைக்காய்க்குள் சாம்பல் நாவாயின் குஞ்சு. வேலியோரத்து எருக்கங்காயில் சிவப்பும் கறுப்புமான ஸ்பைலோஸ்டெதஸ் என்ற விதை நாவாயின் குஞ்சு. இவை மூன்றும் விதை உறிஞ்சிகள். நான்காவது ஒன்றும் உண்டு. அது இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே அன்று. இவற்றைத் தின்ன வந்தது.

கொல்லி நாவாய்கள் எனப்படும் ரெடுவிடே குடும்பத்தின் குஞ்சுகளில் பல சிவந்தவை. ரைனோகோரிஸ் மார்ஜினேட்டஸ் தமிழ்நாட்டில் பரவலாகக் காணப்படும் ஒன்று. குஞ்சாக இருக்கும்போதே புழுக்களையும் மற்ற நாவாய்களையும் குத்திக் கொன்று உறிஞ்சுகிறது. இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. சிவப்புப் பருத்தி நாவாயின் சொந்தக் குடும்பத்திலேயே பிறந்த ஆன்டிலோகஸ் கோக்பெர்டி என்ற பூச்சி, தன் உறவினரையே வேட்டையாடி வாழ்கிறது. அதுவும் சிவப்பே!

சிவப்பைக் கண்டவுடன் மருந்தடிப்பவர் யாரைக் கொல்கிறார்? எருக்கங்காய்க் குஞ்சைக் கொல்வதில் தோட்டத்துக்கு ஒரு நன்மையும் இல்லை. கொல்லி நாவாயைக் கொன்றால் நட்டம். பூச்சி மருந்தின் விலை கடையில் கொடுப்பதோடு முடிவதில்லை என்பதை முந்திரி விளையும் நம் பகுதிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேரளத்துக் காசர்கோட்டில் 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை முந்திரித் தோட்டங்களின்மேல் வானிலிருந்து எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். குறி வைத்தது தேயிலைக் கொசு என்ற நாவாய்ப்பூச்சியை. துன்பப்பட்டவர்கள் தோட்டங்களைச் சுற்றி வாழ்ந்த மக்கள். உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை விதித்தது 2011இல். பூச்சியின் பெயர் அங்கே சரியாகவே தெரிந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பெயர் சரியாகத் தெரிந்த இடத்திலேயே விலை இவ்வளவு என்றால், பெயரே தெரியாமல் அடிப்பதை என்னென்பது?

அந்தத் தேயிலைக் கொசுவின் குஞ்சு, குஞ்சுகளிலேயே நமக்கு இரக்கம் காட்டும் ஒன்று. முதுகில் குண்டூசி நட்டதுபோல் ஒரு நீட்டம், வளர்ந்த பூச்சிக்கு இருப்பதுபோலவே, முதற்பருவம் கழிந்த குஞ்சுகளுக்கும் உண்டு. ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

கொல்லி நாவாய்களின் வகையில் நமக்கு வாய்த்த நல்ல நூல் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் பணியாற்றிய டன்ஸ்டன் அம்புரோஸ் 1999இல் வெளியிட்ட 'அசாசின் பக்ஸ்' அது. அவரும் அவருடைய மாணவர்களும் தென்னாட்டுக் கொல்லி நாவாய்களை ஆய்வுக்கூடத்தில் முட்டையிலிருந்து வளர்த்துப் பார்த்தவர்கள். ஊசியில் குத்திய பூச்சியை எழுதுவதற்கும் உயிரோடு வளர்த்த பூச்சியை எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு அத்தகைய ஆய்வுகளில் தெரிகிறது. என் ஒரே குறை, அது ஆங்கிலத்தில், ஆராய்ச்சியாளர்க்கென எழுதப்பட்டது என்பதே. வெண்டைக்குப் பக்கத்தில் நிற்கும் சிறுவனிடம் அது வந்து சேராது.

காகிதம் கண்டறிந்த குடும்பம்

குஞ்சின் குடும்பத்தை மனிதர் தவறவிட்டாலும் ஒரு காகிதத் துண்டு தவறவிடவில்லை என்ற கதை ஒன்று உண்டு. செக் நாட்டு விஞ்ஞானி கரேல் சிலாமா 1960களின் நடுவில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கரோல் வில்லியம்ஸ் என்பாரிடம் பணிபுரியச் சென்றார். பிராகாவில் தாம் ஆண்டுக்கணக்கில் வளர்த்த பிர்ரோகோரிஸ் ஏப்டெரஸ் என்னும் சிவப்பு நாவாயையும் எடுத்துச் சென்றார். அங்கே அவை வளர்ந்த பூச்சியாக மாறவே இல்லை! ஐந்தாம் பருவத்துக்குப் பின் ஆறாம் பருவக் குஞ்சாக, சில ஏழாம் பருவக் குஞ்சாகப் பெருத்து, முதிராமலேயே மடிந்தன. உணவு, நீர், ஒளி என ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக் கடைசியில் காரணத்தைக் கண்டார்கள். ஜாடியில் வைத்த அமெரிக்கக் கைதுடைப்புக் காகிதமே காரணம். அதற்குப் பதிலாக வாட்மன் வடிதாளை வைத்ததும் பூச்சிகள் முறைப்படி வளர்ந்தன. அமெரிக்க நாளிதழ்களின் தாளும் அதே தீங்கைச் செய்தது. இலண்டன் 'டைம்ஸ்' இதழின் தாள் செய்யவில்லை. அமெரிக்கக் காகிதத்துக்கு மூலமான பால்சம் ஃபிர் மரத்தில், பூச்சியின் இளமை ஹார்மோனைப் போல் செயல்படும் பொருள் ஒன்று இருந்தது. 1966இல் அதைப் பிரித்தெடுத்து ஜுவாபயோன் என்று பெயரிட்டார்கள்.

நமக்கு வேண்டியது இதன் பிற்பகுதி. அந்தப் பொருள் எல்லாப் பூச்சிகளையும் தடுக்கவில்லை. பிர்ரோகோரிடே குடும்பத்தையே தடுத்தது. டில்லியைச் சேர்ந்த சக்சேனா வில்லியம்ஸுடன் சேர்ந்து நம் நாட்டுச் சிவப்புப் பருத்தி நாவாயில் சோதித்து, அதுவும் தடைப்படுவதை 1966இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். தோற்றத்தில் ஒத்த விதை நாவாய்க் குஞ்சுகளோ காகிதத்தின்மேல் கவலையின்றி வளர்ந்தன. பெரிதாக இருப்பதால் ஒரு பூச்சி வளர்ந்தது என்று கொள்ள முடியாது என்பதற்கும் ஹார்வர்டின் அந்த ஆறாம் பருவக் குஞ்சுகளே சான்று.

கைபேசியின் துணிவு

இக்காலத்தில் புத்தகம் எதற்கு, கைபேசியில் படமெடுத்தால் பெயர் வந்துவிடுகிறதே என்று கேட்பீர்கள். வருகிறது. நெய்வேலித் தோட்டம் ஒன்றில் எடுத்த ஒரே குஞ்சின் மூன்று படங்களை ஒரு செயலியிடம் காட்டினேன். மேலிருந்து எடுத்ததற்கு ஒரு பெயர், பக்கவாட்டில் எடுத்ததற்கு வேறொரு பெயர், நிழலில் எடுத்ததற்கு மூன்றாவது பெயர். மூன்றும் வளர்ந்த பூச்சிகளின் படங்களோடு வந்தன. செயலி கற்றுக்கொள்வது மக்கள் எடுத்துப் பெயரிட்ட படங்களிலிருந்து; எவரும் எளிதில் பெயரிடுவது வளர்ந்த பூச்சிக்குத்தான். டிஸ்டன்டின் பெட்டியில் இருந்த பழைய சாய்வு புதிய பெட்டிக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: தலை அகலத்தை அளக்கவும், வயிற்றின் புள்ளிகளைப் பெரிதாக்கிப் பார்க்கவும் அந்தக் கைபேசிக்கு இணையான கருவி என் மாணவப் பருவத்தில் எங்களுக்குக் கிடைத்ததில்லை.

என்ன நூல் வேண்டும்?

குஞ்சுகளுக்கென்றே திறவுகோல் இயற்ற முடியாதா? முடியும். பிரிட்டிஷ் நாவாய்க் குஞ்சுகளின் குடும்பங்களுக்கு லெஸ்டன், ஸ்கடர் இருவரும் 1956இலேயே இயற்றினார்கள். வட அமெரிக்கக் குஞ்சுகளுக்கு டிகோர்சி 1971இல் இயற்றினார். தமிழில் நம் தோட்டங்களுக்கு அப்படி ஒன்று வேண்டும். பெரிய நூலாக இருக்க வேண்டியதில்லை. எந்த வயதிலும் மாறாத அடையாளங்களை அது முதலில் வைக்க வேண்டும்.

மூக்கைப் பாருங்கள் என்று அது தொடங்கட்டும். விதை நாவாயின் உறிஞ்சு மூக்கு மெலிந்து, நேராக, கால்களுக்கு நடுவே வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும். கொல்லி நாவாயின் மூக்கு குட்டையாக, தடித்து, கொக்கிபோல் வளைந்து உடலைவிட்டு விலகி நிற்கும். முதல்நாள் குஞ்சிலும் இந்த வேறுபாடு உண்டு. மருந்துக் குப்பியைத் தொடுவதற்கு முன் இதை ஒன்றைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. கொல்லி நாவாயை விரலால் பிடிக்காதீர்கள். குத்தினால் நன்றாக வலிக்கும்.

அடுத்து முதுகு. நாவாய்ப்பூச்சியின் நாற்றச் சுரப்பி வளர்ந்த பூச்சியில் மார்பின் அடிப்பக்கம் திறக்கிறது. குஞ்சில் வயிற்றின் மேற்புறம், நடுக்கோட்டில் திறக்கிறது. இறகு வந்து மூடாத முதுகு அல்லவா! பல குஞ்சுகளில் அத்துளைகளைச் சுற்றிக் கரும்புள்ளி இருக்கும். பிர்ரோகோரிடே குஞ்சுக்கு மூன்று இடங்களில் துளை. எருக்கங்காய் நாவாயின் குஞ்சுக்கு இரண்டே இடங்களில். இரண்டுதான் என்று உறுதியானால் அது சிவப்புப் பருத்தி நாவாய் அன்று. மூன்று இருந்தால் மட்டும் முடிவு கட்டிவிடக் கூடாது. விதை நாவாய்களிலும் மூன்று துளையுள்ள கூட்டங்கள் இருக்கின்றன. எங்கே நிறுத்த வேண்டும் என்று இப்படிச் சொல்லித் தரும் நூலைத்தான் நல்ல நூல் என்பேன். 'விதை நாவாய்க் கூட்டம், நான்காம் பருவக் குஞ்சு' என்று எழுதி நிறுத்துவது அரைகுறை விடை ஆகாது. கையிலுள்ள சான்று அவ்வளவுக்கே இடம் தருகிறது.

மேலும் அறிய விரும்பினால், எல்லாத் திறவுகோலையும்விடப் பழைய முறை ஒன்று இருக்கிறது. வாய் அகன்ற கண்ணாடிக் குப்பியில் குஞ்சுகள் நாலைந்தை விடுங்கள். எந்தச் செடியில் கண்டீர்களோ அதன் முற்றிய விதைகளைப் போடுங்கள். ஈரப் பஞ்சு ஒன்றை வையுங்கள். அதை நாள்தோறும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பூசணம் பிடிக்கும். வாயை மெல்லிய துணியால் கட்டி வெயில் படாத இடத்தில் வையுங்கள். நாள், இடம், செடி மூன்றையும் குப்பியின்மேலேயே எழுதி ஒட்டுங்கள். சில வாரங்களில் இறகுள்ள பூச்சி வெளிவரும். அதைத் திறவுகோலில் இடுங்கள். இப்போது திறவுகோல் பொய் சொல்லாது. அது உரித்துப்போட்ட சட்டைகளைக் குப்பியின் அடியிலிருந்து இடுக்கியால் எடுத்து, சிறியதிலிருந்து பெரியதாக ஓர் அட்டையில் ஒட்டி, கடைசியில் அந்தப் பூச்சியையும் அதே அட்டையில் வையுங்கள். இலண்டன் பெட்டிகளில் இல்லாத அட்டை அது.